பிடி அரிசி எடுக்க நாங்கள், பிரசங்க பீடம் ஏற அவர்களா?

வடக்குத்தெரு மருமகள் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரம். ஊர்ப் பேர் வேண்டாம். போன ஜூனில் என்னைப் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கினார்கள் என்றால், பேர் கேட்ட நேரத்தில் மற்றவர்கள் எல்லாம் குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள், நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் சங்கத்தில் 31 வீடுகளில் இன்னும் பிடி அரிசி எடுக்கிறார்கள். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி தனியே டப்பாவில் போட்டு, மாதக் கடைசி ஞாயிறு கோயிலுக்குக் கொண்டுவருவது. பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலந்து விழும், அதை வைத்து யாரும் சோறு வடிக்க முடியாது, இட்லிக் கடை அக்கா ஒருத்தர்தான் கிலோவுக்கு இருபத்தைந்து ரூபாய் போட்டு எடுத்துக்கொள்வார். அதோடு ஸ்தோத்திர பண்டிகைக்கு முறுக்கு, அதிரசம், மீன் குழம்புச் சாப்பாடு என்று கடை போட்டு, எல்லாம் சேர்த்து போன வருஷம் 68,400 ரூபாய். வடக்கே மிஷனரி ஊழியத்துக்கு என்று சொல்லித்தான் வசூலித்தோம். கணக்கைப் பார்த்தால் பாதிக்கு மேல் காம்பவுண்டு சுவருக்குப் போயிருக்கிறது. கேட்டதற்கு “எல்லாம் ஆண்டவர் வேலைதானேம்மா” என்று பதில். சுவரும் ஆண்டவர் வேலைதான், ஆனால் நாங்கள் சுவருக்கென்று கேட்டு வாங்கவில்லையே.

இரண்டாவது, பெண்கள் ஞாயிறு வருகிறது, இந்த வருஷம் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கம் செய்ய, வேண்டியது நான். சேகர கமிட்டியில் ஒரு பெரியவர், “கீழே நின்று சாட்சி மாதிரி சொல்லட்டும், பீடத்தில் ஏற வேண்டாம்” என்றார். போன மாதம்தான் வாலிபர் ஞாயிறு. இருபத்திரண்டு வயதுப் பையன், காலேஜ் இன்னும் முடிக்கவில்லை, பீடத்தில் ஏறி நாற்பது நிமிஷம் பேசினான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஐயர், அதாவது சேகர குருவானவர், நல்லவர்தான், ஆனால் கமிட்டியில் வாயைத் திறக்க மாட்டார்.

உங்கள் சபைகளில் இந்த இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சண்டை போடாமல் வழி இருந்தால் சொல்லுங்கள். சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள்.

---

ரிட்டயர்டு டீச்சர்

மகளே, உன் 31 வீட்டுக் கணக்கைப் படித்ததும் எங்கள் அம்மா அடுப்பங்கரை ஞாபகம் வந்துவிட்டது. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் இருக்கும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அதில் விழும். வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் விழும், பிடிதான் கொஞ்சம் சின்னதாகும். அப்பாவுக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாது, கேட்கவும் மாட்டார். அந்தக் காலத்துப் பெண்களுக்குக் கையில் காசு கிடையாது, புருஷனிடம் கேட்காமல் கொடுக்க முடிந்தது அந்த அரிசி ஒன்றுதான். அதனால் அது சும்மா காணிக்கை இல்லை, அவளுடைய சொந்தக் காணிக்கை. எதற்கு என்று சொல்லிக் கொடுத்தாளோ அதற்கே போக வேண்டும் என்று கேட்பதில் ஒரு தப்பும் கிடையாது.

இந்திய மிஷனரி சங்கம் 1903 பிப்ரவரியில் நம் திருநெல்வேலியில் ஆரம்பித்தது உனக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு என்பதுதான் அதன் கொள்கையே. வெள்ளாளன்விளை அசரியா ஐயா அதற்குச் செயலாளராக இருந்து, 1909-இல் தாமே தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். இதைச் சண்டே ஸ்கூல் பிள்ளைகூட ஒப்பிக்கும். ஆனால் அவர் மனைவி அன்பு அம்மாள், அந்தக் காலத்திலேயே காலேஜ் வரைக்கும் படித்தவர், தெலுங்கு தேசத்தில் பெண்கள் மத்தியில் வேலை செய்தவர், அவரைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலாவது ஒரு வரி கேட்டிருக்கிறாயா? நான் எழுபத்தொரு வருஷமாகக் கோயிலுக்குப் போகிறேன், ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரு பெண்கள் கூட்டத்தில்.

இன்னும் பின்னால் போனால் கிளாரிந்தா. ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் 1778-இல் ஞானஸ்நானம் கொடுத்த பிராமண விதவை. பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் வருஷப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பேர் அவருடையது. 1785-இல் பிரதிஷ்டையான கோயில் அவர் முயற்சியில் எழும்பினது, இன்றைக்கும் சனங்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். கோயிலையே கட்டினவள் பெண். அதற்குள் இருக்கிற பீடத்தில் நிற்கக் கூடாது என்றால் என்ன நியாயம், நீயே உன் பெரியவரிடம் கேள். நான் கேட்டால் கோபப்படுவார், நீ சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவாய்.

---

தாவீதின் கவண்

நான் ஆண், அதனால் அடி விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். முதல் கொரிந்தியர் 14:34, “சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்”. முதல் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரத்திலும் அதேதான். இது என் கருத்து இல்லை, வேதத்தில் இருப்பது. பெண்கள் ஊழியம் செய்ய வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஓய்வுநாள் பள்ளி, வீட்டு ஜெபம், மருத்துவமனைச் சந்திப்பு எல்லாம் அவர்கள் இல்லாமல் நடக்குமா? பீடம் வேறு, அவ்வளவுதான் சொல்கிறேன்.

பண விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் எங்கள் சேகரத்தில் ஆறு வருஷம் பொருளாளர். ஒவ்வொரு சங்கமும் வசூலித்த பணத்தைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு தனித்தனியாக அனுப்பினால் கடைசியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு சபையில் இப்படி ஒரு சங்கத் தலைவர் வீட்டு பீரோவிலேயே பணம் இரண்டு வருஷம் இருந்தது. தப்பு பண்ணவில்லை, மறந்துவிட்டார். அதனால் சேகரக் கணக்கு வழியாகப் போவதே முறை.

---

சுள்ளான் அக்கா

கவண் அண்ணே, பேசாமல் இருக்க வேண்டும் என்றால் பாடவும் கூடாதுதானே? அடுத்த ஞாயிறு எங்கள் ஊரில் பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறோம், நீங்கள் பதினெட்டு ஆம்பிளைகளாகப் பாடி முடியுங்கள். அசனத்துக்கு, அதுதான் கோயில் விருந்துக்கு, காய் வெட்டுகிறபோதும் பேச மாட்டோம். உப்பு போட்டாச்சா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

---

நாரோயில்காரி

நான் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி), நாகர்கோவில் பக்கம். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியே கிடையாது என்று சொல்லிப் பெருமை அடிக்கலாம் என்று வந்தேன், எழுத உட்கார்ந்ததும் அவ்வளவு லேசாகச் சொல்ல வரவில்லை.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. புருஷன் வில்லியம் பூத்தோடு சேர்ந்து எங்கள் சேனையைத் தொடங்கின கேதரின் பூத் அம்மாள் 1859-இல், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் பிரசங்கியை ஒரு போதகர் தாக்கி எழுதியதைப் படித்துவிட்டு, பெண்கள் பிரசங்கம் செய்யலாம் என்று ஒரு சிறு புத்தகமே எழுதிவிட்டார். அதுவரை அவரே மேடை ஏறினது இல்லை, கூச்ச சுபாவம். மறு வருஷம் தன் புருஷன் ஊழியம் செய்த கேட்ஸ்ஹெட் ஆலயத்தில், ஆராதனை நடுவில் எழுந்து முன்னால் நடந்து போனார். புருஷன் என்னவோ உடம்பு சரியில்லை என்று நினைத்து என்ன விஷயம் என்று கேட்டாராம். இவர், நான் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றிருக்கிறார். சேனை தொடங்கினதே அதற்கு ஐந்து வருஷம் கழித்துத்தான். அதனால் எங்களுக்கு முதல் நாளிலிருந்தே பெண் அதிகாரிகள் உண்டு, 1934-லேயே உலகம் முழுக்கத் தலைவராக ஒரு பெண் ஜெனரல் இருந்தார், அவர்கள் மகள் எவாஞ்சலின். இங்கே வடசேரியில் பஸ் ஏறுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த கேதரின் பூத் ஆஸ்பத்திரி அந்த அம்மாள் பேரில்தான்.

இப்போது மறுபக்கம். எங்கள் கோரில், அதாவது எங்கள் ஊர்ச் சபையில், மேஜர் ஐயா, மேஜர் அம்மா என்று இரண்டு பேரும் ஒரே பயிற்சி முடித்தவர்கள், ஒரே பதவி. ஆனால் மாற்றல் வருவது ஐயாவின் வேலையைப் பார்த்து. அம்மாவுக்கு அநேகமாக ஹோம் லீக் என்கிற எங்கள் பெண்கள் சங்கம், பெண்கள் வேலை. என் சின்ன வயதில் இருந்த ஒரு அம்மா ஐயாவைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசுவார், நாங்கள் பிள்ளைகள் அவர் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருப்போம். மாதத்தில் ஒரு ஞாயிறுகூட முழுசாக வராது. பீடம் கிடைத்தால் மட்டும் போதாது, யார் அட்டவணை போடுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

பணம் பற்றி ஒன்று. எங்கள் ஊர் லேஸ் வேலை தெரியும்தானே, மார்த்தா மால்ட் அம்மாள் 1820-களில் நாகர்கோவில் பெண்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது. அதில் வந்த கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. கையில் சொந்தக் காசு வந்த பிறகுதான் குரலும் வந்தது என்று எங்கள் பாட்டி சொல்வார். பிடி அரிசி கணக்கை விட்டுவிடாதீர்கள்.

---

வெள்ளை அங்கி

நான் சி.எஸ்.ஐ. குருவானவர், பெண். எந்தத் திருமண்டலம் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) என்று கேட்க வேண்டாம், நாங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், சொன்னால் உடனே யார் என்று தெரிந்துவிடும்.

முதலில் நடைமுறை. பெண்கள் ஞாயிறு அன்று யார் செய்தி கொடுப்பது, எங்கே நின்று கொடுப்பது என்பதை முடிவு செய்வது சேகர குருவானவர், கமிட்டி இல்லை. குருப்பட்டம் பெறாத ஒருவர், ஆணோ பெண்ணோ, பிரசங்கம் செய்வது அவர் அனுமதியில்தான். வாலிபர் ஞாயிறு பையனுக்கும் அப்படித்தான் கிடைத்திருக்கும். ஆகவே கமிட்டியில் வாதாட வேண்டாம். ஐயரைத் தனியாகப் போய்ப் பாருங்கள், முடிந்தால் தலைவி அம்மாவையும் கூட்டிக்கொண்டு. “ஐயா, தம்பிக்குக் கொடுத்த இடத்தை எங்களுக்கும் கொடுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். வேத ஆராய்ச்சியை அந்த இடத்தில் ஆரம்பிக்காதீர்கள், அவர் பயந்துவிடுவார். நல்லவர், ஆனால் வாய் திறக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாகச் சரி சொல்வது சுலபம், கூட்டத்தில் சொல்வதுதான் கஷ்டம்.

சகோதரர் கவண் எழுதியதற்கு ஒரு வார்த்தை. அதே கொரிந்தியர் நிருபம் 11:5-இல், பெண் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையில் முக்காடு இருக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். வாயே திறக்கக் கூடாது என்றால் முக்காடு எதற்கு? ரோமர் 16-இல் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாள், அந்த நிருபத்தையே கையில் கொண்டுபோனவள் அவள்தான் என்று பெரும்பாலான வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்புறம் இந்தக் கேள்விக்கு ரொம்பப் பொருந்துகிறது லூக்கா எட்டாம் அதிகாரம். ஏரோதின் காரியக்காரன் மனைவி யோவன்னாள், சூசன்னாள், மற்றும் பலர் தங்கள் ஆஸ்திகளால் இயேசுவுக்கு ஊழியம் செய்தார்கள். முதல் பெண்கள் சங்கம் அதுதான் என்று நான் சொல்வது வழக்கம். அதே லூக்கா 24-இல், கல்லறை காலியாக இருக்கிறது என்று அப்போஸ்தலருக்குச் சொன்னவர்களில் அந்த யோவன்னாள் பேரும் இருக்கிறது. காசு கொடுத்தவளே செய்தியும் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை, வீண்பேச்சு என்று நினைத்தார்கள், அதுவும் எழுதியிருக்கிறது.

எங்கள் சபையில் முதல் பெண் குருவானவர் எலிசபெத் பால் 1976-இல் அபிஷேகம் பெற்றார். முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா அம்மா, நந்தியால், 2013. ஆக சட்டத்தில் எப்போதோ தீர்ந்துபோன விஷயம். வாசலில் தீரவில்லை. நான் முதல் சேகரத்துக்குப் போன அன்று ஒரு பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தேன். “ஐயரம்மாவா, ஐயர் இருக்கிறாரா?” என்றார். நான்தான் ஐயர் பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்போ உங்க வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிட?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. என் கணவர் மின்வாரியத்தில் வேலை செய்கிறார், ஊரில் அவரைக் கரண்டு ஐயா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாட்டிதான் பிறகு யார் வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று எனக்கு முதலில் சொல்லுகிற ஆள்.

பணத்துக்கு: வசூலிக்கும் முன்பே சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். “இந்த வருஷப் பிடி அரிசியும் கடை வருமானமும் இன்ன ஊழியத்துக்கு” என்று. அதன் நகலைப் பொருளாளருக்குக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். குறிப்பிட்ட நோக்கத்துக்கு வந்த காணிக்கையை வேறு தலைப்பில் எழுத ஆடிட்டர் விடமாட்டார். பணம் சேகரக் கணக்கு வழியாகவே போகட்டும், கவண் சகோதரர் சொன்ன பீரோ கதை எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் மிஷனரி சங்கத்தின் ரசீது உங்கள் சங்கத்தின் பேரில் வரட்டும்.

---

ஐஸ்வால் தமிழன்

பிடி அரிசி என்றதும் எழுதத் தோன்றியது. வங்கி வேலையில் மூன்று வருஷம் மிசோரமில் இருக்கிறேன். இங்கேயும் இதே வழக்கம், புஃபாய் தாம் என்கிறார்கள், ஒரு பிடி அரிசி என்றே அர்த்தம். 1910-இலிருந்து நடக்கிறது. நம் ஊரில் அங்கங்கே சில வீடுகள், இங்கே ஏறக்குறைய எல்லாக் கிறிஸ்தவ வீட்டு அடுப்பங்கரையிலும் அதற்கென்று ஒரு பாத்திரம். வாரத்துக்கு ஒரு நாள் சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள், மலை ஏற்றத்தில், முதுகில் கூடையோடு. எங்கள் வீட்டுக்கார அம்மா ரைஸ் குக்கர் வாங்கின பிறகும் அளக்கிற டம்ளரிலிருந்து ஒரு பிடி எடுக்கத் தவறுவதில்லை. அந்த அரிசிப் பணத்தில் எத்தனையோ மிஷனரிகள் வெளி மாநிலங்களுக்குப் போயிருக்கிறார்கள். பெண்களுக்குக் குருப்பட்டம் என்று பேச்சு எடுத்தால் இங்கேயும் உடனே அறை இரண்டாகப் பிரிந்துவிடும். அந்த அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன், சிரித்துவிட்டு டீ ஊற்றினார்.

---

தாவீதின் கவண்

வெள்ளை அங்கி அம்மா, 11:5 பற்றி நீங்கள் சொன்னதை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். முழுசாக ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். 14-ஆம் அதிகாரத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் முக்காடு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தீர்மானம், ரசீது விஷயத்தில் நூறு சதவீதம் சரி. சுள்ளான் அக்கா, உப்பு மட்டும் போட்டுவிடுங்கள்.

---

வடக்குத்தெரு மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தீர்மானம் போட்டோம். பொருளாளரிடம் நகலைக் கொடுத்தபோது, “என்னம்மா, நம்பிக்கை இல்லையா?” என்றார். நம்பிக்கை இருக்கிறது ஐயா, ஞாபகசக்திதான் எங்களுக்குக் குறைவு, அதனால் எழுதி வைக்கிறோம் என்று தலைவி அம்மா சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டார். சுவருக்குப் போன பழைய பணம் போனதுதான், அதை யாரும் திருப்பித் தரப் போவதில்லை.

பீடம் பாதி. ஐயரைத் தனியாகப் பார்த்தோம். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இந்த வருஷம் வேதம் வாசிக்கிற மேடையில் நின்று சொல்லுங்கள், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். எனக்குக் கோபம்தான், இருந்தாலும் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டது சரியா என்று இப்போதும் தெரியவில்லை, சுள்ளான் அக்கா திட்டுவார் என்று நினைக்கிறேன். லூக்கா எட்டிலிருந்து யோவன்னாளைப் பற்றியே பேசினேன், இருபது நிமிஷம். கால் நடுங்கினது முதல் ஐந்து நிமிஷம். எதிர்ப்புச் சொன்ன பெரியவர் முன்வரிசையில்தான் இருந்தார், கண்ணை மூடியிருந்தார், ஜெபமா தூக்கமா கண்டுபிடிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்ததும் பின்பக்கத்துப் பாட்டிகள் மூன்று பேர் வந்து, “தூண் மறைச்சிட்டு, மூஞ்சியே தெரியல, மேலே ஏறி நின்னு பேசியிருக்கலாம்லா” என்று என்னைத்தான் திட்டினார்கள். ஐயர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அரிசி இந்த மாதம் 72 கிலோ. பொன்னியைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் அதற்குக் கிலோவுக்கு இன்னும் எட்டு ரூபாய் சேர்த்துத் தருகிறேன் என்கிறார் இட்லிக் கடை அக்கா. கோயில் வாசலில் இரண்டு சாக்கு வைக்க வேண்டும், எந்த வீட்டு அரிசி எந்தச் சாக்கு என்று பார்க்க ஒரு ஆள் நிற்க வேண்டும், ரேஷன் அரிசி கொண்டுவருகிறவர்களுக்கு அது கூச்சமாக இருக்காதா என்று ஒரு கட்சி. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அதுதான் சண்டை.